காணாமல் போன திருகாணி

இந்த வீட்டில் இனி யாரிடமும் எதையும் காட்டுவதில்லை, யாரிடமும் எதையும் கேட்பதுமில்லை என்று கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். பெரிய முடிவுதான். ஆனால் வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் அவர். ஆகவே அந்த 'யாரிடமும்' மொத்தமும் மனைவி தலையில்தான் விழுந்தது. அவளுக்கு இது தெரியாது. சொல்லலாமென்றால், அதுவே ஒரு பேச்சாகிவிடுமே என்று விட்டுவிட்டார்.

அவருக்குத் தொழில் மூக்குக் கண்ணாடி. கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. பகலெல்லாம் அடுத்தவர் மூக்கோடும் காதோடும்தான் அவருக்குப் பழக்கம். "இங்க அழுத்துதா, அங்க இடிக்குதா" என்று கேட்டுக் கேட்டுக் கம்பியை வளைத்து மாட்டிவிடுவார். யாருக்கு இடது காது அரைவிரல் மேலே இருக்கிறது என்பதை, ஆள் கடை வாசற்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்த வாய்க்கு வேலை கிடையாது.

மனைவிக்கு வீட்டிலிருந்தே வேலை. ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்கு வருகிற புகார்களை வாங்கிக் காதில் போட்டுக்கொள்ளும் வேலை. கூடத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் குரலில் தேன் ஒழுகும். "உங்க கஷ்டம் புரியுது சார். இவ்வளவு நேரம் காத்திருந்ததுக்கு ரொம்ப நன்றி சார்." உள்ளறையில் இருக்கிற கண்ணாடிக்காரர் இதைச் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார். அவரும்தான் காத்திருக்கிறார். அவருக்கு யாரும் நன்றி சொன்னதில்லை.

ஒருநாள் கடையில் ஆளில்லாத நேரம், மனசு கேட்காமல் அந்தக் கம்பெனி நம்பருக்கே போன் போட்டார். அவள் எடுத்தால் இரண்டு வார்த்தை பேசலாமே என்று ஓர் ஆசை. வேறொரு பெண் எடுத்தாள். "மெஷின்ல என்ன பிரச்சனை சார்?" என்றாள். இவர் திருதிருவென்று விழித்து, "ஒண்ணுமில்லைம்மா, நல்லாத்தான் ஓடுது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மகள் படிக்க வெளியூர் போனதிலிருந்து உள்ளறை காலி. அந்த அறையில்தான் அவருடைய கார் வளர்ந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான, ஒற்றை ஆள் உட்காருகிற பழைய காலத்துப் பந்தயக் கார். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அவருக்குப் பெட்டியில் வந்தது எதுவுமே கண்ணுக்குப் பிடிக்கவில்லை. சீட் பெல்ட் என்ற பெயரில் செங்கல் கனத்துக்கு ஒன்று. கியர் கம்பி என்று உலக்கை ஒன்று. எல்லாவற்றையும் வெட்டி எறிந்துவிட்டுக் கையாலேயே செய்ய உட்கார்ந்தார். குண்டூசி கியர் கம்பியானது. செத்துப்போன சார்ஜர் வயரின் செம்பு இழைகள் எஞ்சினுக்குள் போயின. மாத்திரை அட்டையின் பளபளப்புத் தாள் அனல் தடுப்புத் தகடாயிற்று. பேனா ரீபிலில் ஒரு துண்டு வெட்டிச் சிவப்படித்து, தீயணைக்கிற சிலிண்டர் என்று சீட்டுக்கு அடியில் ஒட்டினார். யாருமே பார்க்க முடியாத இடத்தில் அதை வைத்துவிட்டு, யாருமே பார்க்கவில்லையே என்று வருத்தப்பட்டார்.

அந்த முடிவுக்கு வந்த கதை இதுதான். சீட் பெல்ட்டுக்கு ஒரு கொக்கி செய்திருந்தார். எறும்பு இடுப்பில் கட்டலாம், அவ்வளவு பொடிசு. இடுக்கியில் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கூடத்துக்கு வந்தார்.

"இதைப் பாரேன். நிஜமாவே மாட்டிக் கழட்டலாம்."

"ம்."

"அழகா இருக்குல்ல?"

"ம்."

அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. திரும்பி நடந்தார். பின்னாலேயே குரல் வந்தது. "ம்... தண்ணி வெளியே போகவே இல்லையா மேடம்? கீழ ஒரு மூடி இருக்கும், அதைத் திறந்து பாருங்க."

அந்த 'ம்' கூட அவருக்கு வந்ததில்லை.

அன்றைக்கு எடுத்த முடிவு. ஆனால் கார் வளர வேண்டுமே. காரின் பக்கக் கண்ணாடியை நிறுத்த ஹேர்பின் வேண்டியிருந்தது. கேட்கக்கூடாது என்பது கொள்கை. கேட்காமல் எடுத்தால் திருட்டு. கண்ணாடிக்காரர் கொள்கைக்காகத் திருடினார். ஹேர்பின் போயிற்று. ஜாக்கெட் கொக்கி இரண்டு போயின. வீட்டில் ஒரு சத்தமும் எழவில்லை. இத்தனை காணாமல் போயும் யாரும் கேட்கவில்லையே என்று, திருடினவருக்கே அதிலும் ஒரு வருத்தம்.

கடைசியாக மிச்சமிருந்தது பெட்ரோல் டாங்க் மூடி. ஓட்டுகிறவர் தலைக்குப் பின்னால் பளிச்சென்று தெரிகிற இடம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் இந்த மாதிரி கார் செய்கிறவர்கள் எல்லாரும் கூடுகிறார்கள், அங்கே முதலில் கண்ணில் படுவதே அதுதான். பித்தளையை அரத்தால் ராவி, ஓரம் முழுக்கப் பல் பல்லாக வெட்டி, ஒரு மூடியை உருவாக்கினார். அரம் ஓரிடத்தில் வழுக்கி மேலே ஒரு கீறல். அதுவும் அழகாகத்தான் இருந்தது. ஒட்டலாமென்று இடுக்கியால் தூக்கினார். துள்ளியது. எங்கேயோ 'டிங்' என்றது. அவ்வளவுதான்.

மேசைக்கடியில் குப்புறப் படுத்துத் தேடினார். கிடைக்கவில்லை. 'கூட்டும்போது பார்த்தியா' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முடிவு என்றால் முடிவு.

மறுநாள் முகம் கழுவப் போனபோதுதான் கண்ணாடி முன்னால் மனைவியின் தோடு கிடந்தது. ஹெட்போன் காதை அழுத்தும் என்று வேலை நேரத்தில் கழற்றி வைப்பாள். தோட்டின் திருகாணியை எடுத்துப் பார்த்தார். உருண்டையாக, ஓரம் முழுக்கப் பல் பல்லாக. யாரோ அவருடைய காரை அளந்து செய்தது போல இருந்தது. தோட்டை வைத்துவிட்டுத் திருகாணியோடு உள்ளே போனார். பசை வைத்தார். நிறம்தான் இடித்தது. அதன் மேல் வெள்ளிப் பெயின்ட் அடித்தார். தங்கத்தை வெள்ளியாக்குகிற வித்தை அவருக்குக் கைவந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவி எதிரில் நின்றாள்.

"என்னங்க, ஒரு மரை கழண்டுடுச்சு."

"யா... யாருக்கு?"

"என் தோட்டுக்கு. திருகாணியைக் காணோம். நீங்க பார்த்தீங்களா?"

"நானா? நான் எதுக்கு அதைப் பார்க்கறேன்?"

"அதானே. நீங்க எதைத்தான் பார்த்தீங்க. சரி, சோபாவைக் கொஞ்சம் நகர்த்துங்க."

கண்ணாடிக்காரர் அறைக்குள் ஓடி, விளக்கைக்கூடப் போடாமல், காரின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினார். அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. வந்து சோபாவை நகர்த்தினார். திருகாணி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அது இல்லாத இடமெல்லாம் தேடுவது எவ்வளவு பெரிய வேலை என்பது தேடியவருக்குத்தான் தெரியும்.

"நல்லா குனிஞ்சு பாருங்க. அந்த மூலையில ஒட்டடை. தொடைச்சுட்டுத் தேடுங்க, இல்லாட்டி எப்படித் தெரியும்?"

துடைத்துவிட்டுத் தேடினார். அடுத்த நாள் கட்டில். அதற்கடுத்த நாள் புத்தக அலமாரி. அவளும் சீக்கிரமே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு டார்ச்சோடு கூடவே வந்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே தவழ்ந்தார். செய்த காரியத்துக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எந்த முகம் இருக்கிறது?

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பேச்சு வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வர, அவள் எடுத்துப் பார்த்தாள்.

"செஸ் ராணி. இதைக் காணோம்னுதானே விளையாட்டையே நிறுத்தினோம்?"

"நீ ஒளிச்சு வச்சேன்னு நான் நினைச்சேன்."

"நீங்க ஒளிச்சீங்கன்னு நான் நினைச்சேன். பாவம், இவ்வளவு நாளா இங்கயே இருந்திருக்கா. யாரும் தேடலை."

அவள் ராணியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். அவர் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தேடல் நின்றுபோகும். தேடல் நின்றால் அவள் கூடத்துக்குப் போவாள், அவர் அறைக்குள் போவார், நடுவில் சுவர் வந்துவிடும். ஆகையால், "பீரோவுக்குப் பின்னாடியும் ஒரு தடவை பார்த்துடலாமா?" என்றார். திருடனே போலீசுக்கு வழி காட்டினான்.

அந்த வாரம் வீடு கண்ணாடி போல ஆயிற்று. சனிக்கிழமை வந்தது. விடிந்தால் மண்டபம். அவள் தோடில்லாமல் இருக்க அவர் மட்டும் அந்தத் திருகாணியைக் கொண்டுபோய் ஊருக்குக் காட்டுவதா? பெயர்த்தே தீருவது என்று பிளேடை எடுத்தார். பெயர்த்தால் பெயின்ட் உரியும், டாங்க் விரிசல் விடும், காரின் முதுகு போகும். போகட்டும். அவளுக்குத் திருகாணி கிடைக்கும். சாப்பிட்ட கையோடு அறைக்குப் போய், விளக்கைப் போட்டு, துணியை விலக்கினார்.

மூடி மஞ்சளாக மின்னியது. மேலே ஒரு கீறல்.

அவர் ராவிய பித்தளை மூடி. நேராக, அளவாக, ஒரு பொட்டுப் பசை வெளியே வழியாமல் உட்கார்ந்திருந்தது. பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் காரோடு கூடத்துக்கு வந்தார். மனைவி சோபாவில் இருந்தாள். ஹெட்போன் இல்லை.

"இது என் மூடி."

"ஆமா."

"எங்க கிடைச்சுது?"

"கூட்டும்போது கதவுக்குப் பின்னால. குப்பைன்னு போடத்தான் பார்த்தேன். ஆனா குப்பைக்கு யாரு உட்கார்ந்து பல்லு வெட்டுவா? எடுத்து வச்சேன். நீங்க கேட்பீங்க, குடுக்கலாம்னு. நீங்க கேட்கவே இல்லை."

"அப்ப திருகாணி? நல்லா பசை போட்டு ஒட்டியிருந்தேனே."

"ஒட்டினா என்ன? ஒரு திருகு திருகினேன், வந்துடுச்சு. பேரே திருகாணிதானே. பெயின்ட் மட்டும் நகப்பாலிஷ் துடைக்கற தண்ணியில போச்சு."

"இப்ப அது எங்க இருக்கு?"

அவள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். அப்போதுதான் கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு காதிலும் இரண்டு தோடு.

"எப்பலேர்ந்து போட்டிருக்க?"

"நீங்க சோபாவை நகர்த்தறதுக்கு முன்னாடிலேர்ந்து."

ஊரார் காதை வாசற்படியிலேயே அளக்கிறவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. ஒரு வாரமாக டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்ற காது அது.

"அப்ப எதுக்கு வாரம் பூரா தேட வச்ச?"

"எங்க கம்பெனிக்கு ஒரு போன் வந்துச்சாம். கூட வேலை பார்க்கற பொண்ணு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. மெஷின் நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிட்டு ஒருத்தர் வச்சுட்டாராம். நல்லா ஓடுதுன்னு புகார் சொன்ன ஒரே ஆள் அவர்தானாம். நம்பர் என்னன்னு கேட்டேன்."

கண்ணாடிக்காரர் காரைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"ம்," என்றார்.

"அந்த 'ம்' எனக்கா, காருக்கா?"

"உனக்குத்தான்."

"சரி, அந்தக் காரை இப்படிக் குடுங்க. சீட்டுக்கு அடியில சிவப்பா ஒண்ணு சாய்ஞ்சிருக்கு பாருங்க. நாளைக்கு நாலு பேர் பார்க்கற இடத்துல அப்படியேவா கொண்டு போவீங்க?"

"அது வெளியே தெரியவே தெரியாதே."

"தினம் பார்க்கறவளுக்குத் தெரியும். நீங்க கடைக்குப் போனதும் தூசி தட்டறது யாருன்னு நினைச்சீங்க? எல்லாம் வச்சிருக்கீங்க. கொக்கி இருக்கு, கண்ணாடி இருக்கு. உட்கார்றதுக்குத்தான் ஆளில்லை."

அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அந்தக் காலி சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் எழுந்து, சோம்பல் முறித்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"இப்பவே சொல்லிடறேன். அடுத்த வாரம் என் மோதிரம் காணாமப் போகுது. பரண்ல தேடணும்."

கண்ணாடிக்காரர் இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. நன்றாக நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். முகமெல்லாம் வெற்றி.

"அதான் உன் விரல்லயே இருக்கே."

"பரவாயில்லையே, கண்ணு தெரியுது," என்றாள் மனைவி. "அப்ப பரண்ல இருக்கற ஒட்டடையும் தெரியும். ஏறுங்க."