பொம்மைக் கடை அபிமானம் பெற்ற படலம்

நகரசபை எந்த முடிவெடுத்தாலும் அது மக்கள் நன்மைக்காகத்தான் இருக்கும். என்ன நன்மை என்பதைப் பின்னால் யோசித்துச் சொல்வார்கள். அந்த முறைப்படி, தெருவை அகலமாக்கச் சின்னக் கடைகளை எல்லாம் இடிப்பதென்றும், 'குடும்பங்களின் அபிமானக் கடை' என்று சான்றிதழ் வாங்கிய கடைகளை மட்டும் விட்டுவைப்பதென்றும் ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

மூலையில் பொம்மைக் கடை வைத்திருந்தவர் இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"நம்ம கடைக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பாங்க?" என்றார் மனைவியிடம். "சாயங்காலமானா உள்ளே நிக்க இடம் இருக்கா?"

"நிப்பாங்க," என்றாள் மனைவி. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

பதினோரு பக்கப் படிவத்தோடு ஆய்வாளர் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, வந்திருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்.

"இந்தக் கடை உங்களுக்குப் பிடிக்குமா?"

"உசிரு சார்!" என்றாள் ஒரு தாய். "என் ரெண்டு வாலும் இங்கதான் வளருது. விட்டுட்டுப் போனா ரெண்டு மணி நேரம் வீடு வீடா இருக்கும்."

"நான் ஆபீஸ் போயிட்டா என் பார்சலை எல்லாம் அண்ணன்தான் வாங்கி வெப்பார்," என்றார் ஒரு தகப்பனார்.

"என்ன பார்சல்?"

"பொம்மைதான் சார். ஆன்லைன்ல வர்றது."

"எங்க பிள்ளை இங்கதான் விளையாடிப் பார்ப்பான்," என்றாள் இன்னொருத்தி. "பிடிச்சிருந்தா உடனே போன்ல ஆர்டர் போட்டுருவோம். அண்ணன் முகம் சுளிக்கவே மாட்டார். பேட்டரி போட்டு ஓட்டியும் காட்டுவார். தங்கமான மனுஷன்!"

பொம்மைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆய்வாளர் ஏழாவது பக்கத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார்.

"கடந்த ஆறு மாதத்தில் இக்கடையில் பொருள் வாங்கிய குடும்பங்கள். அப்படி ஒரு கேள்வி இருக்கு. யார் வாங்கினீங்க?"

எல்லாரும் பக்கத்தில் நின்றவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"கடைன்னா யாராவது வாங்கணுமே! ஒரு குடும்பம் போதும். நாளை மாலை அஞ்சு மணி வரை அவகாசம்," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

தெரு கொதித்தெழுந்தது. அன்றே கமிட்டி அமைந்தது. மறுநாள் எல்லாரும் 'எங்கள் கடை எங்கள் உயிர்' என்று அச்சடித்த பச்சை பனியனோடு வந்து நின்றார்கள். பனியன்கள் வந்த பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தவரே பொம்மைக்காரர்தான். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு பொம்மை வாங்குங்களேன் என்ற வார்த்தை மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை.

மனைவி சொல்லிவிட்டாள். "யாராச்சும் ஒரு பம்பரமாவது வாங்குங்க."

"வாங்கிருவேன்க்கா," என்றார் கமிட்டித் தலைவர். "ஆனா பரிதாபப்பட்டு வாங்கின மாதிரி ஆயிடாதா? அண்ணனோட தன்மானம் என்ன ஆகும்?"

"அதானே!" என்றது கூட்டம்.

தன்மானம் எக்கேடாவது கெட்டுப் போகட்டும் என்று பொம்மைக்காரர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் மட்டும் சிரித்தது.

சாயங்காலம் திரும்பி வந்த ஆய்வாளருக்கே மனம் இளகிவிட்டது. கொட்டு அடிக்கும் குரங்கு ஒன்றை எடுத்துப் பார்த்தார். "என் பொண்ணுக்குப் பிடிக்கும்," என்றவர், சட்டென்று அதை வைத்துவிட்டார். "ஆய்வுக்கு வந்த இடத்தில் அதிகாரி பொருள் பெறக் கூடாது."

"காசு குடுத்துத்தானே சார் வாங்குறீங்க?" என்றாள் மனைவி.

"அதிகாரி காசு குடுத்தாருன்னு சொன்னா எவன் நம்புவான்?"

மணி ஐந்தடித்தது. ஆய்வாளர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், முகம் மலர்ந்தது.

"குழந்தைகள் விளையாடுகிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். எவரும் எதுவும் வாங்குவதில்லை. ஆகவே விதிகளின்படி இது ஒரு பூங்கா. பூங்காவை இடிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை!"

கூட்டம் பொம்மைக்காரரைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தது.

மறுநாள் காலையில் பலகை மாட்டினார்கள்: 'சிறுவர் பூங்கா. பூக்களைப் பறிக்காதீர். உள்ளே வியாபாரம் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.' பூங்காவுக்குக் காவலாளி வேண்டுமே? அந்த உத்தியோகத்தைப் பொம்மைக்காரருக்கே கொடுத்தார்கள். காக்கிச் சட்டை, தொப்பி, கழுத்தில் ஒரு விசில்.

விற்கக் கூடாது என்ற சேதி பரவியதும், சாயங்காலம் வாசலில் நீளமாக வரிசை நின்றது.

"எனக்கு அந்தக் குரங்கு!"

"ரயில் வண்டி ரெண்டு குடுங்கண்ணே!"

"ஆசையா வாங்க வந்தா விக்க விடமாட்டேங்குதே இந்த நகரசபை! இது அடுக்குமா?"

மனைவி மெல்ல வந்து அவர் காதருகே குனிந்தாள். "ஏங்க, நல்ல சமயம். பின்வாசலைத் திறக்கட்டுமா? எல்லாத்தையும் வித்துரலாம்."

அவர் தொப்பியைச் சரிசெய்தார். விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார். வரிசை கப்சிப்பென்று ஆனது.

"அது சட்ட விரோதம்மா," என்றார் காவலாளி. "எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடுங்க. மேலிடத்துக்கு அனுப்புறேன்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான்.