மூன்றாவது கால்

ஒரு துறையின் சாதனை அதன் விழாப் படங்களில்தான் இருக்கிறது என்பது அந்தத் துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. சாதனையை வேறெங்கே தேடியும் யாருக்கும் கிடைக்காததால் நம்பிக்கை நாளுக்கு நாள் வலுத்தது. அப்படிப்பட்ட துறையின் புகைப்படக்காரருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது.

சாதாரண வலிதான். ஆனால் இயக்குநர் பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்க மாட்டார். நீள லென்ஸ் மாட்டிய கேமராவை அத்தனை நேரமும் தூக்கிப் பிடித்ததில் கை நடுங்கி, போன விழாப் படம் கலங்கிவிட்டது. அதில் இயக்குநருக்கு இரண்டு மூக்கு. "இன்னொரு படம் இப்படி வந்தா நீங்க குடோனுக்குப் போயிடலாம்," என்றார் அவர், ரொம்பப் பிரியமாக. குடோன் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே போனவர்கள் உடைந்த நாற்காலிகளோடு நாற்காலியாக இருந்து ஓய்வு பெறுவதுதான் வழக்கம்.

மூன்று கால் ஸ்டாண்ட் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் விழா அரங்கில் அதற்குத் தடை. எப்போதோ ஒரு முக்கியஸ்தர் அதில் தடுக்கி விழுந்து, எழுந்தபோது பேச்சை மறந்திருந்தார். கூட்டம் மகிழ்ந்தது, துறை வருந்தியது. ஆகவே புகைப்படக்காரர் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் கேட்டார். கைத்தடி மாதிரி ஒரு கம்பி, அதன் உச்சியில் கேமராவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஹெட். இதைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு கூடியது.

குழுத் தலைவர் உதவி இயக்குநர். புதிதாக எது வந்தாலும் முதலில் வாங்கிவிட்டு, அது எதற்கு என்று அப்புறம் விசாரிப்பவர். அலுவலகத்தில் அவருக்கு 'லேட்டஸ்ட்' என்று பெயர். இன்னொருவர் அரங்கின் பாதுகாப்பு அதிகாரி. புகைப்படக்காரர் சிநேகிதரிடம் இரவல் வாங்கி வந்த ஸ்டாண்டைக் காட்டினார்.

"கைய எடுங்க," என்றார் பாதுகாப்பு அதிகாரி.

எடுத்தார். ஸ்டாண்ட் விழுந்தது. பாதுகாப்பு அதிகாரி திருப்தியாகக் குறித்துக்கொண்டார்.

"அது தானா நிக்க வேண்டியதில்ல சார். என் ரெண்டு காலோட அதோட ஒரு காலும் சேர்ந்தா ஆடாது."

பாவம், இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"ரெண்டும் ஒண்ணும் எத்தனை?" என்று கேட்டார் பாதுகாப்பு அதிகாரி.

"மூணு சார்."

"அரங்கத்துல மூணு காலுக்குத் தடை. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா அதுல ரெண்டு என்னோடது."

"யாரோடதா இருந்தா என்ன? தடுக்கி விழறவர் அதை விசாரிச்சுட்டா விழுவார்?"

பாதுகாப்பு அதிகாரி இதையும் குறித்துக்கொண்டார். அடுத்து ஹெட்டுக்கு வந்தார்கள்.

"பால் ஹெட் வாங்கலாம்," என்றார் லேட்டஸ்ட். "உருண்டை மாதிரி எல்லாப் பக்கமும் திரும்பும். இப்ப எல்லாரும் அதுதான் வச்சிருக்காங்க."

"ஒற்றைக்காலுக்கு அவ்வளவு வேணாம் சார். மேலயும் கீழயும் மட்டும் சாயற டில்ட் ஹெட் போதும். பக்கத்துல திரும்பணும்னா கம்பியோட நானே திரும்பிக்குவேன்."

"நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?"

பாதுகாப்பு அதிகாரி குறுக்கிட்டார். "எல்லாப் பக்கமும் திரும்புமா? மேடையில நாம உக்காந்திருக்கிற பக்கமும்?"

இயக்குநர் பேசும்போது இருபுறமும் அமர்ந்திருக்கும் அதிகாரிகள் கண்ணயர்வது நெடுநாள் மரபு. லேட்டஸ்டின் முகம் மாறியது.

"மேலயும் கீழயும் மட்டும் ஆடற தலைதான் நம்ம துறைக்கு ஒத்து வரும்," என்று அவரே முடித்தார். கேட்டது கிடைத்த மகிழ்ச்சியில் புகைப்படக்காரர் காரணத்தைக் கண்டுகொள்ளவில்லை.

ஆணை வந்தது. ஒற்றைக்கால் ஸ்டாண்டுக்கு அனுமதி வழங்கப்படுகிறது. மேற்படி ஸ்டாண்டைப் பயன்படுத்தும் நேரங்களில் புகைப்படக்காரர் தம் சொந்தக் கால்களில் ஒன்றைத் தரையிலிருந்து உயர்த்திக்கொள்ள வேண்டியது. எந்தக் கால் என்பது அவரது விருப்பத்துக்கே விடப்படுகிறது.

"எந்தக் காலைத் தூக்கப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"இடது."

"வலது முட்டிதான உங்களுக்கு ஊன்றினா கடகடங்குது? அதைத் தூக்கிட்டு இடதுல நில்லுங்க." அடுப்படியில் அவரை நிற்க வைத்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விழாவில் பாதுகாப்பு அதிகாரி கால்களை எண்ணுவதற்கென்றே அவர் அருகில் உட்கார்ந்தார். இயக்குநர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். புகைப்படக்காரர் ஆடினார். படத்தில் மேடையே ஆற்று வெள்ளமாக ஓடியது. ஒரு முகமும் தேறவில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷ உழைப்பு இப்படி முடிகிறதே என்று அழுகை வந்தது. குடோனுக்கு எந்த பஸ் போகிறது என்று மனைவி விசாரித்து வைத்தாள்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். இயக்குநர் படத்தைக் கையில் வைத்திருந்தார்.

"இதுல யாராவது தூங்கறது தெரியுதா?"

"இல்லங்க சார்."

"என் வயிறு?"

"எதுவுமே தெரியல சார்."

"இதுக்குப் பேருதாங்க படம்."

"இதுதான் சார் இப்ப ஸ்டைல்," என்றார் லேட்டஸ்ட். "நம்ம துறை இயங்குறது முதல் தடவையா படத்துல தெரியுது."

படம் வரவேற்பறையில் மாட்டப்பட்டது. நான்கு அதிகாரிகள் நடுவிலிருந்த ஒரே வெள்ளைத் தீற்றலைக் காட்டி "இது நான்" என்று பிரதி வாங்கிப் போனார்கள். இனி எல்லாப் படங்களும் ஒற்றைக்காலில்தான் என்று ஆணை வந்தது. புகைப்படக்காரருக்குத் தோள் வலி போய் இடுப்பு வலி வந்தது. கூடவே ஒரு விருதும் வந்தது. அவர் விருது வாங்கியதை லேட்டஸ்டே ஒரு காலைத் தூக்கிக்கொண்டு படமெடுத்துக் கொடுத்தார்.

அதைச் சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"இதுல நீங்க எங்க?" என்றாள் மனைவி.

அவர் வெகுநேரம் பார்த்தார். ஆயுசு முழுக்க அடுத்தவர்களைப் படமெடுத்தவர் அவர்; விழாப் படத்தில் அவரே இருப்பது இதுதான் முதல் தடவை.

"இதோ."

"அது நாற்காலி மாதிரியில்ல இருக்கு?"

"நான்தான். நல்லாப் பாரு."

"சரி, மாட்டிடலாம். எந்தப் பக்கம் மேல வரணும்?"

"எப்படி மாட்டினாலும் அழகாத்தான் இருக்கும்," என்றார் அவர். அவருடைய தலை மேலும் கீழும் மட்டும் ஆடியது.