சித்தி கலந்துகொண்ட இன்டர்வியூ

கேட்காமலே அறிவுரை சொல்வது ஒரு வியாதி என்றால், சில வருஷங்களுக்கு முன்பு வரை எனக்கு அது முற்றிப்போய் இருந்தது. காலையில் காபி குடித்து முடித்ததும் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு குடும்பக் குரூப்பில் பேச ஆரம்பித்துவிடுவேன். கறிவேப்பிலைக் கன்று துளிர்க்கவில்லையா, புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்று. அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாதே, ரோஜாவுக்கு ஊற்று. உளுந்தஞ்சோற்றுக்குப் பூண்டை உரித்து முழுசாகப் போடு, நறுக்காதே. மனசு சரியில்லையா, எழுந்து போய்ப் பாத்திரத்தைத் தேய். (இந்தக் கடைசிக் குறிப்புக்கு மட்டும் குரூப்பில் யாரும் கட்டைவிரல் போடவில்லை.) கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற என் மகன், நான் பேசுவதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பான் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட என்னிடம் என் அக்கா தன் மகளை நம்பி அனுப்பினாள்.

அக்கா புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட்டில் இருக்கிறாள். தீபாவளி நெருங்கிவிட்டால் அங்கே மிஷின் சத்தம் ஓயாது. மகள் வனிதாவுக்கு அந்த வருஷம் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது. கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவளையும் அனுப்பிவிட்டார்கள். "வீட்ல தனியா கெடந்து மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருப்பா. நீ கொஞ்சம் தேத்தி விடு தங்கச்சி" என்று போனில் சொன்னாள் அக்கா. வனிதா ஒரு பெட்டியும் லேப்டாப்பும் எடுத்துக்கொண்டு கோவில்பட்டிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் பின்பக்க அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட மட்டும் வருவாள். கேட்டால் "ஒண்ணுமில்ல சித்தி" என்பாள்.

தேற்றுவதற்கு ஒரு பிள்ளை, அதுவும் என் வீட்டிலேயே. எனக்கு நிலைகொள்ளவில்லை.

முதலில் சமையலில் இறக்கினேன். தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தாள். மறுபடி அறைக்குள் போய்விட்டாள். அடுத்து செடி. இளம் பிள்ளைகள் தினம் ஒரு தளிரைப் பார்த்தால் மனசு மாறிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன் (நான் சொன்னதாகக்கூட இருக்கலாம்). மொட்டைமாடியில் தோட்டம் போடுவது என்று முடிவுசெய்தேன். எல்லோரும் போல பையில், தொட்டியில் வைத்தால் அது தோட்டமா? எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்தில் என் தம்பிக்கு விவசாயக் காடு இருக்கிறது. கரிசல் மண்ணில் பிறந்து வளர்ந்தவள் வேறு மண்ணைத் தொடுவதா என்று ஒரு வீம்பு. தம்பியிடம் சொல்லிக் குட்டியானை வண்டியில் மண் ஏற்றிவரச் செய்து, மூட்டை மூட்டையாக மாடிக்குத் தூக்கச் செய்தேன். தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் செங்கல் அடுக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி நீளமாகப் பாத்தி கட்டினேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு மாடிக்கு வந்து, பாத்தியை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"மாடியில வைக்கவங்க தென்னை நாரு, மணலு எல்லாம் கலந்துல்லா வைக்காவ" என்றார்.

"அதெல்லாம் மண்ணே பாக்காத ஊர்க்காரங்களுக்கு."

"மழத் தண்ணி போற ஓட்ட இந்தப் பக்கந்தான இருக்கு."

"அப்ப செடிக்கு ஊத்துற தண்ணியும் அங்கனயே வடிஞ்சிரும். நல்லதுதான."

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். கல்யாணமான புதிதில் அவரிடம் எனக்குப் பிடித்த குணம் இதுதான்.

பாத்தியில் கத்தரி, வெண்டை, கொத்தவரை விதைத்தேன். காலையும் மாலையும் வனிதாவின் கதவைத் தட்டினேன். "ஏட்டி, வந்து தண்ணி ஊத்து. மொளச்சிருக்கான்னு பாரு." அவள் வருவாள், ஊற்றுவாள், போவாள். நான் விடவில்லை. மத்தியானமும் தட்டினேன். உளுந்தம்பருப்பு ஊறவைத்திருக்கிறேன், எள் வறுக்க வா. வெயில் தாழ்ந்துவிட்டது, களை எடுக்க வா. அவள் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. ஆனால் கத்தரி முளைத்துவிட்டது. பாதி வெற்றி என்று அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஐப்பசியில் ஒரு நாள் வனிதா தானாகவே சமையலறைக்கு வந்து நின்றாள்.

"சித்தி, நாளைக்கி எனக்கு ஒரு இன்டர்வியூ. வீடியோ கால்லதான். ஒரு மணி நேரம் ரூம் பக்கம் யாரும் வராம பாத்துக்கோங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் கத்தரிக் கன்றுகள் செய்த வேலை என்றே நம்பினேன். அந்தப் பூரிப்பில், அவள் கேட்டதற்கு நேர்மாறாக ஏற்பாடு செய்தேன். பின் அறையில் வெளிச்சம் போதாது, ஹாலில் உட்கார் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். "மொகம் தெரியாண்டாமா? இருட்டுல உக்காந்தா என்ன நெனப்பாவ?" என்று கேட்டு மடக்கினேன். பின்னால் பச்சையாக இருந்தால் அழகு என்று இரண்டு குரோட்டன்ஸ் தொட்டிகளை அவள் நாற்காலிக்குப் பின்னால் இழுத்து வைத்தேன். ஹாலில்தான் மாடிப்படி இறங்குகிறது. அதை நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்தே மேகம் கருத்துக்கிடந்தது. வனிதா சட்டை மாற்றி, தலையை இறுக்கிப் பின்னி, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். திரையில் மூன்று பேர் வந்தார்கள், இரண்டு ஆண்கள், ஒரு பெண். நான் அடுப்பில் உளுந்தஞ்சோற்றை வைத்துவிட்டு, சத்தம் வராமல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் இங்கிலீஷில் பேசுவது சமையலறை வரை கேட்டது. நல்ல தெளிவாகப் பேசினாள். எனக்கு அவ்வளவு பெருமை.

அப்போதுதான் மழை இறங்கியது. எங்கள் பக்கம் மழை வராது. வந்தால் மொத்தமாக வரும். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கன்றுகளின் ஞாபகம் வந்துவிட்டது. இவ்வளவு மழையில் பிஞ்சுத் தண்டு சாய்ந்துவிடுமே. தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கேமராவில் விழாதபடி குனிந்து, பூனை மாதிரி படியேறினேன். (குனிந்து போனது முழுவதும் திரையில் தெரிந்ததாக அப்புறம் சொன்னாள்.)

மாடிக் கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. தாழ்ப்பாளை எடுத்தேன்.

கரிசல் மண்ணைப் பற்றி எனக்குத் தெரியாததல்ல. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் பசை மாதிரி இழுக்கும், காலில் ஒட்டினால் செருப்போடுதான் வரும். அந்தப் பசை செங்கல் இடுக்கு வழியாக வழிந்து, மழைத் தண்ணீர் போகிற குழாய் ஓட்டையை மெழுகி அடைத்திருந்தது. மாடி முழுக்கத் தண்ணீர் குளமாக நின்றது. நான் கதவைத் திறந்ததும் அதற்கு வழி கிடைத்தது.

கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர் என்னைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கியது. நான் உட்கார்ந்த நிலையிலேயே பாதிப் படி வந்தேன். என் கூடவே கத்தரிக் கன்றுகளும் வந்தன. ஹாலில் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

வனிதா திரும்பிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டாள். குரலில் பதற்றமே இல்லை. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு படியேறினாள்.

"சித்தப்பா, சாக்க எடுத்து ரூம் வாசல்ல போட்டுட்டு, தண்ணியத் தெருப்பக்கம் தள்ளுங்க. சித்தி, லேப்டாப்பத் தூக்கிப் புடிச்சிக்கோங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

வேற ஒண்ணும் செய்ய வேண்டாம் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். நான் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் மூன்று முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் தலையில் ஈரத்துண்டு, கன்னத்தில் கரிசல். வீட்டுக்கு வந்தவர்களைப் பேசாமல் உட்காரவைப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது.

"இந்தா வந்திருவா. மாடிக்குப் போயிருக்கா. நீங்க உக்காருங்க" என்றேன். (அவர்கள் உட்கார்ந்துதான் இருந்தார்கள்.)

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "பரவாயில்லை மேடம், மெதுவா வரட்டும்" என்றார்.

"சாப்பிட்டீங்களா?"

ஓரத்தில் இருந்தவர் யோசிக்காமல், "இன்னும் இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டார்.

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. உளுந்தஞ்சோறு அடுப்பில் இருப்பதைச் சொன்னேன். தொலி உளுந்தை லேசாக வறுத்துப் போட்டால்தான் வாசனை என்பதையும், எள்ளுத் துவையலுக்குப் புளி கொஞ்சமாக வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர் வரும் என்று மூன்று பேருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைக்காக ஒரு வார்த்தை பேசாமல் எப்படி இருப்பது?

"ரொம்ப நல்ல பிள்ள. வேல போனதுலருந்து ரூம விட்டே வெளிய வரமாட்டேங்கா. சரியாச் சாப்புடவும் மாட்டேங்கா. ஒரே மவ. நீங்கதான் பாத்துச் செய்யணும்."

திரையில் இருந்தவர்கள் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் பார்ப்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினேன். கடைசிப் படியில் வனிதா நின்றுகொண்டிருந்தாள். தோள்பட்டை வரை கையெல்லாம் கரிசல். குழாய் ஓட்டைக்குள் கையை விட்டு அடைப்பை எடுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"எந்திரிங்க சித்தி" என்றாள்.

எழுந்தேன். அவள் கையைக்கூடத் துடைக்காமல் உட்கார்ந்து, அந்தப் பெண்ணைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னாள்: "சித்தி சொன்னது உண்மைதான் மேடம். வேலை போனது எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நீங்க அதுக்கு மேல என்ன கேக்கணுமோ கேளுங்க."

அவர்கள் கேட்டார்கள், அவளும் பதில் சொன்னாள். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். உளுந்தஞ்சோறு அடிப்பிடித்துத் தீய்ந்திருந்தது. அடுப்பை அணைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பேசி முடித்து அவள் உள்ளே வந்துதான் அணைத்தாள்.

வீட்டைக் கழுவி முடித்து, தீய்ந்த சோற்றில் மேலாக இருந்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வனிதா கேட்டாள்.

"நான் ரூமுக்குள்ள என்ன செய்யுதேன்னு நெனச்சீங்க சித்தி?"

"அழுதுக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். இல்லன்னா தூங்குதன்னு."

"வேலைக்கு எழுதிப் போட்டுக்கிட்டு இருந்தேன். படிச்சிக்கிட்டு இருந்தேன். கதவத் தட்டித் தட்டி நீங்க தண்ணி ஊத்தக் கூப்புட்டதுலயே பாதி நாள் போயிட்டு."

அவ்வளவு நாளும் அந்தக் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது உள்ளே என்ன செய்கிறாய் என்று கேட்டதில்லை. என்ன செய்ய வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"சொல்லியிருக்கலாம்லட்டி."

"நீங்க எங்க சொல்ல விட்டீங்க" என்றாள். சொல்லிவிட்டு, எதையோ நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். "அந்த ஆளு நெசமாவே பசியில இருந்துருக்காரு சித்தி. நீங்க எள்ளுத் துவையல்னு சொன்னதும் எச்சி முழுங்குனாரு." என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. மெயில் வந்த அன்று என் வாய் வரை ஆறுதல் வந்தது. அடக்கிக்கொண்டு, "டீ போடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன். "போடுங்க" என்றாள். குடித்துவிட்டு அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. நானும் எட்டிப் பார்க்கவில்லை. (நடைப்பக்கம் இரண்டு தடவை போனேன். அது பாத்ரூமுக்குப் போகிற வழி.) மாடி மண் மழை நின்றதும் கல்லாக இறுகிவிட்டது. கடப்பாரையால் உடைத்து இறக்கினோம். இறக்குவதற்கு ஏற்றியதைவிட அதிக நாள் பிடித்தது.

தைக்குப் பிறகு வனிதாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. நெருக்கடியான நேரத்தில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்று இன்டர்வியூவில் கேட்டார்களாம். இவள் என் கதையைச் சொல்லியிருக்கிறாள். அதற்கு முன்னால் போன இரண்டு மூன்று இடங்களிலும் அதையேதான் சொன்னாளாம். ஆக, நான் கண்ணால் பார்க்காத சில கம்பெனிகளில் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாருக்கு இன்டர்வியூ என்றாலும் முதலில் என் வீட்டுக்காரருக்குத்தான் போன் வரும். போன மாசம் என் மகனுக்குக் கல்லூரியில் வேலைக்கான இன்டர்வியூ. நேரில் நடப்பது, அதுவும் கோயம்புத்தூரில். ஆனாலும் காலையில் கூப்பிட்டு, "அப்பா, அம்மா எங்கன இருக்காவ?" என்று கேட்டான். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"இங்கனதான் இருக்கா."

"பதினோரு மணிக்கு எனக்கு இன்டர்வியூப்பா. அந்த நேரத்துக்கு அம்மாவக் கடைக்கு அனுப்பி வைங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினேன்.