ஜெராக்ஸ் பாயும் என் வில்லனும்

கடலூரில் கதை எழுதுகிற ஆசாமிகள் பத்திரிகை ஆசிரியருக்குக்கூடப் பயப்பட மாட்டார்கள். ஜெராக்ஸ் பாய்க்குப் பயப்படுவார்கள். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் நடுவே பரங்கிப்பேட்டைக்காரரான பாய். கையால் எழுதியதைக் கொடுத்தால் டைப் அடித்துத் தரப்படும் என்று போர்டு சொல்லும். நம்பிப் போகிறவன் தொலைந்தான்.

அடிப்பதற்கு முன் முழுக்கப் படிப்பார். "சார், உங்க ஹீரோ மொத பக்கத்துல எப்படி இருந்தானோ அப்படியேதான் கடைசி பக்கத்துலயும் இருக்கான். எதுக்கு பன்னெண்டு பக்கம் டைப் அடிக்கணும்? மொத பக்கத்தையே பன்னெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடறேன்" என்பார். கடையில் நிற்கும் அத்தனை பேரும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மனுஷன் கதையோடு நிறுத்தினாரா? ஒரு வரப்புத் தகராறு மனு அடிக்க வந்தது. மனுதாரர் எல்லாப் பத்தியிலும் ஒரே மாதிரி கோபமாக இருந்தது பாய்க்குப் பொறுக்கவில்லை. ஆறாவது பத்தியில், 'எனினும் தன் மீதும் தவறு இருக்குமோ என்று மனுதாரர் சில நாட்களாக எண்ணி வருந்தி வருகிறார்' என்று சேர்த்துவிட்டார். வக்கீல் கறுப்பு கோட்டோடு ஓடி வந்தார்.

"யோவ் பாய், என் கட்சிக்காரனைத் தோக்கடிக்கவா பாக்குற?"

"சார், அந்த வரி வந்தப்புறம்தான் சார் அந்தாளு மனுஷனா தெரியறாரு."

இப்படிப்பட்டவரிடம்தான் என் கதையும் மாட்டியது.

"எதைப் பத்தி சார்?"

"அண்ணன் பொண்ணு கல்யாணம். தம்பிக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்ல அனுப்பிடறார் அண்ணன்."

"அது நடந்தது. கதை எதைப் பத்தின்னு கேட்டேன்."

நடந்ததைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. சிதம்பரத்திலிருக்கும் என் சொந்த அண்ணன்தான் அந்த அண்ணன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் வந்து வைக்க வேண்டிய பத்திரிகையைப் போனில் தட்டிவிட்டார். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷமாகப் பேச்சும் இல்லை. பேசாததையெல்லாம் பன்னிரண்டு பக்கம் எழுதி, சிறுகதைப் போட்டிக்கு அனுப்பி, அவர் மானத்தை வாங்குவது என்று திட்டம். மறுநாள் கடைசித் தேதி.

பாய் படித்து முடித்தார். "தம்பி கடைசி வரைக்கும் நல்லவன், அண்ணன் கடைசி வரைக்கும் கெட்டவன். ரெண்டு பேரும் ஒரு இஞ்ச் நகரல சார். அண்ணன் ஏன் அப்படிப் பண்ணாரு?"

"எனக்கு எப்படி பாய் தெரியும்?"

"தெரியாமயேவா இவ்வளவு திட்டியிருக்கீங்க? ரொம்ப ஜாஸ்தி சார். போய்க் கேட்டுட்டு வாங்க. சிதம்பரம் பஸ் வந்துகிட்டேதான் இருக்குது."

கெஞ்சினேன், கத்தினேன். கதையை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கதைக்காகத்தான் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அண்ணன் கையில் ஊன்றுகோல். உட்காராமலே கேட்டேன். "பத்திரிகை வைக்க ஏன் நேர்ல வரல?"

"வந்தேன்டா. ஆட்டோ வெச்சிகிட்டு, தட்டோட வந்தேன். உன் வீடு ரெண்டாவது மாடி. நாலு படிக்கு மேல முட்டி கேக்கல. உன்னைக் கீழ கூப்புட்டு, 'இந்தா பத்திரிகை'ன்னு நீட்டுனா அது மரியாதையா? திரும்பி வந்துட்டேன்."

"போன்ல சொல்லியிருக்கலாம்ல?"

"தம்பிகிட்ட, எனக்குக் கால் போச்சுன்னா? போடா!"

அழுதுவிட்டேன். அவரும்தான். காபியோடு வந்த அண்ணி, "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு" என்றார்.

மறுநாள் மாற்றி எழுதிக் கொண்டுபோனேன். "அண்ணன் தேவலை. தம்பிதான் கொஞ்சம் சீக்கிரமா திருந்திட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பாய் அடித்துக் கொடுத்தார். பரிசு கிடைக்கவில்லை.

இந்த வருஷம் என் மகளுக்குக் கல்யாணம். மூத்தவர் என்ற முறையில் அண்ணன் பெயரில்தான் பத்திரிகை அடித்தோம். முதல் பத்திரிகையைச் சிதம்பரத்தில் அண்ணனுக்கே வைத்தேன். இரண்டாவதைத் தாம்பாளத்தோடு ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். பாய் வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்தார். அண்ணன் பெயர் வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஏதாவது குறை சொல்வார் என்று நின்றேன்.

நான் கொடுத்ததில் அந்த மனுஷன் ஒரு திருத்தமும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.