சர்க்கரை இல்லாத பால்கோவா

லோகேஸ்வரனின் வயிறு கடமுடவென்று உருண்டது. பெண் வீட்டுக் கூடத்தில், நிச்சயத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போதா உருள வேண்டும்?

குற்றம் அவருடையதுதான். பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் ஃபெரி படகில் ஏறியதும் பசிக்கு ஒரு பொட்டலம் மிட்டாயை முழுசாகத் தின்று தீர்த்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரருக்கென்றே செய்த மிட்டாய். சர்க்கரைதான் இல்லையே, எத்தனை தின்றால் என்ன என்ற தெம்பு. உறையில் பொடி எழுத்தில் ‘சோர்பிட்டால் கலந்தது, அதிகம் தின்றால் பேதியாகும்’ என்று போட்டிருந்ததை இப்போதுதான் கண்ணாடி மாட்டிப் படித்தார்.

"ஏங்க, நெளியாம உக்காருங்க," என்று மனைவி மோகனா பல்லைக் கடித்தாள். "பாதியில எழுந்திரிச்சா அபசகுனம். கோகிலனுக்கு ஆறு வருஷமா தேடி இப்பதான் ஒண்ணு அமைஞ்சிருக்கு."

மகன் கோகிலன் பாவமாகப் பார்த்தான். முப்பத்தாறு வயது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த அப்பன் எழுந்திருப்பான்?

ஆனால் தட்டு மாற்ற இரண்டு அப்பாக்கள் வேண்டுமே! பெண்ணின் அப்பாவைக் காணோம். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் பாக்கி.

"பாலத்துல ஜாம், அண்ணே. இதோ வந்துருவாரு," என்றார் பெண்ணின் அம்மா மீனாட்சி, மூன்றாவது முறையாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ஜாம்? பெண்ணைக் கொடுக்க மனசில்லாமல்தான் அந்த மனிதர் ஒளிகிறார் என்று லோகேஸ்வரனுக்குப் பட்டது. அலுப்பாக இருந்தது. அழுகையும் வந்தது. வயிறு வேறு.

கடுங்காப்பி வயிற்றைக் கட்டும் என்று யாரோ சொன்ன ஞாபகம். "ஒரு கோப்பி ஓ கொடுங்கம்மா, சீனி போடாம."

வந்த காப்பி தித்தித்தது.

"பயப்படாதீங்கண்ணே, சீனி இல்ல. ஒங்களுக்காகவே சோர்பிட்டால் பவுடர் வாங்கி வச்சிருக்கோம். பால்கோவாகூட அதுல கிண்டுனதுதான்," என்று மீனாட்சி ஒரு தட்டை நீட்டினார்.

இனிப்பை ஒதுக்கினால் சம்பந்தத்தையே ஒதுக்கியதாக அர்த்தம். லோகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை விழுங்கினார்.

"அவருக்குப் பால்கோவான்னா உயிரு. இன்னும் ரெண்டு வைங்க லா," என்றாள் மோகனா.

கட்டிய பெண்டாட்டியே எமனானால் யாரிடம் முறையிடுவது? அவர் அதையும் தின்றார்.

ஐந்து நிமிடம் தாங்கினார். ஆறாவது நிமிடம் மானமாவது சகுனமாவது என்று எழுந்தார்.

"அண்ணே, அங்க போகாதீங்க!" என்று மீனாட்சி அலறினார். அதைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. பின்கட்டு டாய்லெட் கதவை இழுத்தார். உள்ளே தாழ்ப்பாள்.

"யாருங்க உள்ள? சீக்கிரம் லா, உயிர் போகுது!"

உள்ளேயிருந்து நைந்த குரல் ஒன்று வந்தது:

"கொஞ்சம் பொறுத்துக்குங்க, சம்பந்தி... ஒங்களுக்குக் கிண்டுன பால்கோவாவ நேத்து நாந்தான் முக்கால் கிலோ ருசி பாத்தேன்!"