சுப்பராயலுவின் நெஞ்சு ஓட்டம்

"திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வர்ற எந்த பஸ்ஸும் என் நெஞ்சு வேகத்துக்கு ஓடாது. படுத்த எடத்துலயே ஜெயிப்பேன்" என்றார் சுப்பராயலு.

வேணி நம்பவில்லை. ரிட்டயர் ஆனதிலிருந்து பாயை விட்டு எழாத பஸ் டிரைவர் அவள் கணவர்.

"சும்மா கெடக்கற மனுசனுக்கு நெஞ்சு எப்படிங்க ஓடும்? கதை வுடாதீங்க."

ஓடத்தான் செய்தது. அவர் நெஞ்சு துடித்த துடிப்பில் அலமாரி டம்ளர்கள் கிணுகிணுத்தன. கை நடுங்கியது. வேட்டி இடுப்பில் நிற்க மறுத்தது.

காபியை நிறுத்திப் பார்த்தார். வேகம் கூடியது. ஏரிக்கரையில் நடந்து பார்த்தார். வேர்க்கடலை விதைத்த மல்லாட்டைக் கொல்லையோரம் சரிந்தவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கண்டமங்கலத்திலிருந்து வேணியின் அண்ணன் முருகையன் வந்தான்.

"மச்சான் ஒடம்புல சத்தே இல்ல வேணி. காலையில குடுக்கற கேப்பைக் கூழை ரெண்டு வேளையாக்கு."

ஆக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொட்டு விடாமல் குடிக்கவைத்தாள். கொஞ்ச நாளில் நெஞ்சு ஓடுவதை விட்டுத் தறிகெட்டுக் குதிக்க ஆரம்பித்தது. சுப்பராயலு எலும்பும் கண்ணுமாகிவிட்டார்.

"சட்டை போட்டுக்கினு எடுத்த போட்டோ எதுனா இருக்கா மச்சான்?"

"எதுக்குடா?"

"சும்மாதான். பெருசு பண்ணி வெச்சா நல்லா இருக்கும்."

அன்றே வேணியையும் முருகையனையும் கூட்டிக்கொண்டு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் தமிழ்மொழி நிமிர்ந்தார். "தைராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"அது இவளுக்குங்க. நான் தொட்டதே இல்ல."

"ஒங்க ரத்தத்துல தைராய்டு கொட்டிக் கெடக்கு. அது கூடினா நெஞ்ச நிக்கவிடாது. தாறுமாறாத் துடிச்சு உள்ள ரத்தம் கட்டும். அந்தக் கட்டி மூளைக்குப் போனா கை காலு விழுந்துடும், உசுரே போகும்."

சுப்பராயலு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டாக்டரின் பார்வை வேணியிடம் போனது. சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தி, முகம் ஊதி நின்றிருந்தாள்.

"நீங்க ஏம்மா மாத்திரைய விட்டீங்க?"

முருகையன் முந்திக்கொண்டான். "இவரு நெஞ்சு ஓடுதுன்னாரு டாக்டர். எல்லாம் நடிப்புன்னு இவதான் ஒரே பிடிவாதம்."

வேணி கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அத முழுங்கித்தான் எனக்கே சுறுசுறுப்பு வந்துச்சு, இவரும் எழுந்து நடமாடட்டுமேன்னு என் மாத்திரைய எல்லாம் கூழுல பொடிச்சுப் போட்டுட்டேன், நெஞ்சு ஓடினது நெசந்தாங்க."