சனிக்கிழமை மதியம் ரிசல்ட் அக்கா

கோடம்பாக்கத்தில் பெரிய பெரிய விமர்சகர்கள் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு படத்தை ஒரே வார்த்தையில் ஓட வைக்கவும், ஒரே வார்த்தையில் படுக்க வைக்கவும் தெரிந்தவர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். டீ சர்ட்டைத் திருப்பிப் போட்டு, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. புதுப்படம் பார்ப்பது அவருடைய கடமை. வேலையை எப்போதாவது தள்ளிப்போட்டிருக்கிறார். கடமையை ஒருநாளும் தள்ளிப்போட்டதில்லை.

எல்லோருக்கும் அவர் ரிசல்ட் அக்கா. நான் அந்தக் கம்பெனியில் டைம் ஆபீசில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று அட்டையில் குறிக்கிற உத்தியோகம். அதனால் அவருடைய நிஜப்பெயர் தெரிந்த வெகுசிலரில் நானும் ஒருவன். அதை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்தவர். நாற்பது வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை, சிரிப்பே இல்லாத முகம். வேலைக்குச் சேர வந்த அன்று மேனேஜரிடம் அவர் வைத்த ஒரே கோரிக்கையை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்.

"வெள்ளிக்கிழம புதுப்படம் வந்துச்சுன்னா எனக்கு அரை நாள் பெர்மிசன் வேணும். அரைச் சம்பளத்தப் பிடிச்சிக்கிடுங்க."

"எதுக்குங்கம்மா? கோயிலுக்குங்களா?"

"இல்ல. மார்னிங் ஷோவுக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அந்த அம்மா சொன்ன தோரணையில் மறுக்க இடமே இல்லை. பெர்மிசன் கிடைத்துவிட்டது.

இப்போது இருக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முதல் காட்சி முடிவதற்குள் செல்போனில் நூறு பேர் விமர்சனம் சொல்லும் வசதி கிடையாது. கம்பெனிப் பெண்களுக்கு வாரத்தில் இருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் காலையில் இருந்து இரவு வரை மெசினில் குனிந்து உட்கார்ந்துவிட்டு, ஏழாவது நாள் மாற்றுப் புடவை உடுத்திக்கொண்டு தியேட்டருக்குப் போனால், அந்தப் படம் நன்றாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பு வர இன்னும் ஆறு நாள் குனிய வேண்டும்.

அதனால் சனிக்கிழமை மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும், தையல், பேக்கிங், தைக்கும்போது துணியை மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்கள் என்று எல்லோரும் டிபன் பாக்சைத் தூக்கிக்கொண்டு செக்கிங் பக்கம் வந்துவிடுவார்கள். அக்கா அவசரப்பட மாட்டார். சாப்பிட்டு முடித்து, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். அறுபது பேர் இருக்கும் இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

முதலில் நல்லதைச் சொல்வார். எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் தேடித் துருவி ஒரு நல்லதைக் கொண்டு வந்துவிடுவார். "நல்லதச் சொல்லாம கெட்டத மட்டும் சொன்னா அது வயித்தெரிச்சல்" என்பது அவர் கட்சி. ஒரு படத்துக்குத் தேடியும் கிடைக்காமல், "தியேட்டர்ல சீட்டு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

பிறகு கெட்டது. ஒரு படத்தில் கதாநாயகி பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று வந்தது. நம் ஊர்க் கதையாச்சே என்று எங்கள் பெண்களுக்கெல்லாம் ஒரே ஆவல். அக்கா சொன்னார்:

"தலைமுடிய இடுப்பு வரைக்கும் விரிச்சுப் போட்டுக்கிட்டு ஓவர்லாக் மெசின்ல உக்காந்திருக்கா. ரெண்டு நிமிசத்துல மண்டத்தோலு உள்ள போயிருக்கும். ஆனா பாட்டு பாடுதா. பக்கத்து மெசின்காரி எந்திரிச்சு ஆடுதா. சூப்பர்வைசரக் காணல. அந்தக் கம்பெனி எங்க இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் அங்க போயிச் சேந்துக்கிடுதேன்."

கடைசியில் தீர்ப்பு. அவரிடம் மூன்றே தீர்ப்புகள்தான். "போலாம்." அடுத்தது, "பிள்ளையளக் கூட்டிட்டுப் போவாண்டாம்." மூன்றாவதுதான் தூக்குத் தண்டனை: "ஞாயித்துக்கிழம துணி துவைக்கலாம்."

துணி துவைக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் அருள்புரத்துக் காம்பவுண்டு வீடுகளில் கொடிக் கயிறு போதாது. பல்லடத்தில் ஒரு தியேட்டர்காரர் இதைக் கேள்விப்பட்டு, ஆள் மூலமாக இலவசச் சீட்டு அனுப்பிப் பார்த்தார். வந்த சீட்டை அக்கா அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு, வரிசையில் நின்று டிக்கெட் எடுத்து, அந்தப் படத்துக்கும் துணி துவைக்கச் சொன்னார்.

ஒருமுறை அயர்னிங் செக்சன் பையன்கள் நான்கு பேர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். அவர்களுடைய தலைவர் படத்தை அக்கா துவைக்கப் போட்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, எங்க தலைவர் படத்த எப்படீங்க நீங்க அப்படிச் சொல்லலாம்?"

"சரி, கதையச் சொல்லு."

முன்னால் நின்றவன் உற்சாகமாக ஆரம்பித்தான். தலைவர் வருகிறார், அடிக்கிறார், பாட்டு, மறுபடியும் அடிக்கிறார், அந்தப் பெண் ரயில்வே ஸ்டேஷனில் அழுகிறாள்...

"அவ எதுக்கு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனா?"

பையன் யோசித்தான். மற்ற மூவரையும் பார்த்தான். மூவரும் யோசித்தார்கள். கடைசியில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, ரெண்டாந்தடவ பாக்கப் போனப்ப அந்த எடத்துல நான் தூங்கிட்டனுங்க" என்றான். அத்தோடு அந்தப் போராட்டம் முடிந்தது.

இப்படி மூன்று வருடம் போனது. பிறகுதான் முதலாளியின் மச்சினர் படம் எடுத்தார்.

முதலாளி தோட்டம் துரவோடு வாழ்ந்த பழைய விவசாயக் குடும்பம், அதிர்ந்து பேசாதவர். அவருடைய மனைவியின் தம்பி சென்னைக்குப் போய் எட்டு வருடம் உதவி இயக்குநராகக் கிடந்து, கடைசியில் குடும்பமே சேர்ந்து பணம் போட்டு, தன் முதல் படத்தை இயக்கிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு. எல்லோரையும் வேனில் ஏற்றிப் பல்லடம் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். டிக்கெட்டும் கம்பெனிச் செலவு. அக்கா மட்டும் தன் டிக்கெட்டைத் தானே எடுத்தார்.

படம் முடிந்து வெளியே வந்தபோது மச்சினர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார். ராத்திரியெல்லாம் தூங்காத முகம். முதலாளி எல்லோர் முன்னாலும் அக்காவை நிறுத்தினார்.

"அம்மிணி, படம் எப்படீங்க அம்மிணி?"

"நாளைக்கு மதியம் சொல்லுதேன் முதலாளி. எப்பவும் அப்படித்தான்."

"அப்ப நாங்களும் வந்தர்றோமுங்க" என்றார் முதலாளி.

அன்று வேனில் திரும்பும்போது, நாளைக்கு என்ன ஆகுமோ என்பதே எங்கள் பேச்சு. ஏனென்றால் படம் எப்படி என்று எங்களுக்கே தெரியும். முதல் பாதி ஒரு ஓடு வேய்ந்த வீட்டுக்குள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரின் கதை. மூச்சு விடாமல் பார்த்தோம். இடைவேளைக்குப் பிறகு எங்கிருந்தோ சுமோ வண்டிகள் வந்து கவிழ்ந்துகொண்டே இருந்தன.

சனிக்கிழமை காலையில் சூப்பர்வைசர் என்னைப் பிடித்தார். "நீங்க சொன்னா அந்தக்கா கேக்குமுங்க. ஒரே ஒரு 'போலாம்' போதுமுங்க. என்ன கொறஞ்சு போகுது?" எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. டீ நேரத்தில் அக்காவிடம் போனேன்.

"அக்கா, இந்த ஒருக்கா மட்டும் கொஞ்சம் பாத்துச் சொல்லீருங்க. படத்துல என்னக்கா இருக்குது? நல்லதோ கெட்டதோ, மூணு மணி நேரந்தானுங்க."

அக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தார். என்னை நேராகப் பார்த்தார். அதுவரை அவர் தன் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

"எங்க வீட்டுக்காரவுக சாயப்பட்டறையில வேல பாத்தாவ தம்பி. அவுகளுக்கு நைட்டு, எனக்குப் பகலு. ஞாயித்துக்கிழம ஒருநாள்தான் ரெண்டு பேரும் சேந்து இருப்போம். ஒரு ஞாயித்துக்கிழம நான்தான் படத்துக்குப் போவோம்னு ஒத்தக்கால்ல நின்னேன். அவுகளுக்கு மேலுக்குச் சொகமில்ல. ஆனாலும் வந்தாவ. சுத்த மோசமான படம். நடுவுல, 'எந்திரிச்சுப் போயிருவோமா, எங்கயாவது உக்காந்து பேசிக்கிட்டு இருப்போம்'னு கேட்டாவ. டிக்கெட்டு எடுத்தாச்சுல்லா, இருங்கன்னு நான்தான் சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழம அவுக இல்ல."

அவர் டீ டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார்.

"மூணு மணி நேரந்தானன்னு நீ சொல்லுத. எனக்கு அந்த மூணு மணி நேரம் திரும்பக் கெடச்சா போதும்."

மணி அடித்தது. அவர் எழுந்து போய் டீ சர்ட்டைத் திருப்பிப் போட்டார்.

மதியம் முதலாளியும் மச்சினரும் வந்தார்கள். நாற்காலி போட்டோம். மச்சினர் உட்காரவில்லை. அக்கா வழக்கம்போலச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"நல்லதச் சொல்லிருதேன். அந்தப் பொண்ணு சோறு வடிக்கையில கொதிகஞ்சி கையில தெறிக்கும். கைய ஒரு உதறு உதறிட்டு அடுத்த சோலியப் பாப்பா. ஒரு சத்தம் கிடையாது. நான் இத்தன வருசத்துல பாத்த படத்துல பொம்பளைய சரியாக் காட்டுனது அது ஒண்ணுதான். புருசங்காரன் வேல போயிருச்சுன்னு சொல்ல முடியாம வாசல்லயே செருப்பத் தொடச்சிக்கிட்டு நிப்பான். தம்பி, அது நீங்க எங்கயோ நின்னு பாத்தது. சும்மா எழுதுனது இல்ல."

மச்சினரின் கண்கள் விரிந்தன. முதலாளி முகத்தில் சிரிப்பு வந்தது. சூப்பர்வைசர் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார்.

"இனி கெட்டது" என்றார் அக்கா. "இடைவேளைக்குப் பெறவு நீங்க பயந்துட்டிய. சனம் எந்திரிச்சுப் போயிருமோன்னு பயந்து மூணு சண்ட, ரெண்டு பாட்டு. அந்தப் பொண்ண எங்கயோ ஒரு ரூம்ல அடச்சுப் போட்டுட்டிய. நீங்க பயந்தது எங்க சீட்டு வரைக்கும் தெரிஞ்சுது."

அக்கா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, அதுவரை அவர் சொல்லியிராத நாலாவது தீர்ப்பைச் சொன்னார்.

"இடைவேளை வரைக்கும் போலாம். பெறவு எந்திரிச்சு வந்து துணி துவைக்கலாம்."

பேக்கிங்கில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டார். மச்சினர் போகவில்லை.

"ஏனுங்கக்கா, ரெண்டாவது பாதியில ஒரு சீன்கூட தேறாதுங்களா?"

"இல்ல தம்பி."

அவர் அங்கேயே ஒரு துணி மூட்டையின்மேல் உட்கார்ந்தார். "மெட்ராசுல அத்தன பேரு பாத்தாங்கக்கா. எல்லாரும் நல்லா இருக்குதுன்னு சொல்லிக் கையக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. சண்ட வேணும்னு கட்டாயப்படுத்துனாங்க, நானும் ஒத்துக்கிட்டனுங்க. எங்க தப்பாப் போச்சுன்னு எனக்குத் தெரியும். வேற யாராச்சும் சொல்லுவாங்களான்னு பாத்துட்டே இருந்தனுங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"அழுவாண்டாம். அடுத்த படத்துல பயப்படாதிய" என்றார் அக்கா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. என் கண்ணால் பார்த்தது. இடைவேளை மணி அடித்ததும் அக்காவின் தீர்ப்பைக் கேள்விப்பட்டு வந்திருந்த மற்றக் கம்பெனிப் பெண்கள் நூறு பேர் ஒன்றாக எழுந்து, பப்ஸ் வாங்கிக்கொண்டு, முகமலர்ச்சியோடு வெளியே நடந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவர் கரண்ட் போய்விட்டதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சினர் கேட் அருகே நின்றிருந்தார். ஒவ்வொரு பெண்ணும் அவரைக் கடக்கும்போது "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனாள். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

அக்காவை யாரும் திட்டவில்லை. முதலாளி அப்படிப்பட்டவரும் அல்ல. செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் மூலமாக ஒரு வரி வந்தது: இனிமேல் வெள்ளிக்கிழமை பெர்மிசன் யாருக்கும் கிடையாது. மச்சினரே போய் அத்தானிடம் கெஞ்சியதாகக் கேள்வி. பலிக்கவில்லை. அக்கா "சரி" என்றார். மாதம் முடிந்ததும் கணக்கு முடித்துக்கொண்டு, அவிநாசியில் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அங்கே வெள்ளிக்கிழமை அரை நாள் தருவதாகச் சொன்னார்களாம். அவருடைய அட்டையில் கடைசி நேரத்தைக் குறித்தவன் நான்தான்.

அதற்குப் பிறகு எங்கள் பெண்கள் போஸ்டரைப் பார்த்துப் படத்துக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலைகளில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னத்தூரில் இருந்து வரும் வழியில் அவிநாசி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கொஞ்சம் இளைத்திருந்தார். ஏதோ ஒரு தைரியத்தில், "அக்கா, ஒரு படத்துக்குப் போலாம் வாங்க. நீங்க பாக்காததா இருக்கட்டும். ரிசல்ட் சொல்லவே வேண்டாமுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வந்தார்.

அது ஒரு நகைச்சுவைப் படம். விளக்கு அணைந்து கால் மணி நேரத்தில், பக்கத்துச் சீட்டிலிருந்து ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். ரிசல்ட் அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

அந்தப் படம் எப்படி என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கடைசிவரை நான் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.